அனீலிங்குக்குத் தமிழ்: பதப்படுத்தலா, இளக்கலா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டிருக்கும் தமிழர்களுக்காக ஒரு கையேடு எழுதிவருகிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கேஸ்களை மறுநிரப்புக்குத் தயார் செய்வதுதான் பொருள். எடுத்துக்காட்டு முழுக்க .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா. அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதை முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

கழுவுவது, உலர்த்துவது, நீளம் வெட்டுவது ஆகியவற்றுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. நான்கு இடங்களில் நிற்கிறேன்: கேஸ் (மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளைக் கூடு), பிரைமர் (அதன் அடியில் அடிபட்டதும் தீப்பற்றி மருந்தை எரிக்கும் சிறு மூடி), ரீசைசிங் (சுட்டு விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவருவது), அனீலிங் (சூடாக்கி உலோகத்தை மென்மையாக்குவது). இப்போதைக்கு உறை, எரியூட்டி, மறுஅளவாக்கம், பதப்படுத்தல் என்று எழுதியிருக்கிறேன். கேஸில் குண்டைப் பிடிக்கும் குறுகிய முனைக்குக் கழுத்து என்று பெயர். அனீலிங் பகுதி இப்படித் தொடங்குகிறது: “கழுத்தைப் பதப்படுத்தாவிட்டால் சில சுடுதல்களுக்குப் பின் அது விரிசல் விடும்.” பதப்படுத்தல் என்ற சொல் எனக்கே ஒட்டவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

———

வணக்கம்.

> கழுத்தைப் பதப்படுத்தாவிட்டால் சில சுடுதல்களுக்குப் பின் அது விரிசல் விடும்

இதைப் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குப் பதம் போடுவது என்றால், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது. எஃகு அதனால் கடினமாகிறது. உங்கள் வாசகர் கோயம்புத்தூர்ப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவராக இருந்தால், “பதப்படுத்து” என்றதும் கழுத்தைக் கடினமாக்கச் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். பித்தளைக்கு நாம் செய்வது அதற்கு நேர் எதிர்.

தோட்டாவுக்குப் பயன்படுவது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. இதைச் சூடாக்கிக் கடினமாக்க முடியாது. அடித்தோ, இழுத்தோ, அழுத்தியோதான் கடினமாக்க முடியும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரில் ஒட்டுகிறது. பிறகு டை (கேஸை அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு) அதை அமுக்குகிறது. உள்ளே போன விரிப்புக் குமிழ் வெளியே வரும்போது மறுபடி விரிக்கிறது. இப்படி விரிந்து சுருங்கி விரிந்து உலோகம் விறைத்துப்போகிறது. விறைத்த கழுத்து டையை விட்டு வந்ததும் சற்றே திரும்பி விரியும். அந்தத் திரும்பல் கேஸுக்குக் கேஸ் மாறுவதால் குண்டைப் பிடிக்கும் இறுக்கமும் மாறும். விரிசல் கடைசியில் வருவது. அதற்கு வெகு முன்பே குறி சிதறத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் முதல் வரி விரிசலைப் பற்றி மட்டும் பேசுவது போதாது.

கும்பகோணம், நாச்சியார்கோயில் பக்கம் பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு இது அன்றாட அறிவு. தட்டத் தட்ட விறைக்கும் தகட்டை அனலில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். அந்த வினையையே எடுத்துக்கொள்வோம்: இளக்கு, இளக்கல். கடினமாவதற்கு விறைப்பேறுதல். இரண்டும் எதிரெதிராக நிற்பதால் வாசகருக்குத் திசை தவறாது. “இளகுதல் என்றால் உருகுதல் அல்லவா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். மெழுகுக்கும் வெல்லப்பாகுக்கும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இளகிய இரும்பு, இளகிய மண் என்று மென்மையைக் குறிப்பதும் வழக்கில் இருக்கிறது. பித்தளை உருகுவது 900 டிகிரி செல்சியஸுக்கு மேல். இந்த வேலை அதில் பாதியைச் சுற்றியே முடிந்துவிடும் என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டால் தீர்ந்தது.

சொல்லோடு முறையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரைமர் நீக்கிய, கழுவிய கேஸையே எடுக்க வேண்டும். வெடிக்காத பிரைமர் உள்ள எதையும் தீயருகே கொண்டுபோகக் கூடாது. கேஸின் கீழ்ப்பாதி மறையும் அளவுக்கு ஆழமான சாக்கெட் ஒன்றைத் துளையிடும் இயந்திரத்தில் மாட்டி மெல்லச் சுழற்ற வேண்டும். புரொப்பேன் விளக்கின் உள்நீலக் கூம்பின் நுனி, கழுத்தும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதி) சேரும் இடத்தில் பட வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 8 விநாடி. ஆனால் விநாடியை மனப்பாடமாக வைத்துக்கொள்வது தவறு. விளக்கின் வலுவும் பித்தளையின் தடிமனும் மாறினால் நேரமும் மாறும். சுமார் 400 டிகிரியில் உருகும் வெப்பக்காட்டி மையைக் கழுத்தின் உட்புறத்திலும், சுமார் 245 டிகிரி மையைத் தோளுக்கு 6 மில்லிமீட்டர் கீழே வெளிப்புறத்திலும் தடவி நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்மை உருகி, கீழ்மை உருகாமல் இருந்தால் நேரம் சரி. ஒரே தயாரிப்பாளரின் கேஸ்களுக்கு மட்டுமே அந்த நேரம் பொருந்தும். அதனால்தான் அடிமுத்திரை (கேஸின் அடியில் பொறித்த தயாரிப்பாளர் குறி) பார்த்துப் பிரித்துவைப்பது முதல் வேலையாகிறது.

கழுத்து பளிச்சென்று செந்நிறமாகச் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. உலோகத்தின் மணிகள் (நுண்படிகங்கள்) பெருத்து, கழுத்து குண்டைப் பிடிக்காத அளவுக்குத் தொய்ந்துவிடும். அந்தக் கேஸை நசுக்கிப் பழைய பித்தளையில் போட வேண்டியதுதான்; மீட்க வழியில்லை. தண்ணீரில் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாதம் எப்போதும் ஓடும். பித்தளையின் கடினத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. சூடு அடிப்பகுதிக்கு இறங்காமல் நிறுத்த உதவும், அவ்வளவே; போட்டால் பிறகு உலர்த்தும் வேலை கூடும்.

எழுத்தைப் பெரிதாக்கிப் போட வேண்டிய வரி ஒன்று உண்டு: அடிப்பகுதியை ஒருபோதும் இளக்கக் கூடாது. .308 வின்செஸ்டரின் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்கத் தொழில் தரநிலை. அதைத் தாங்குவது விறைப்பாக விடப்பட்ட அடிப்பகுதி. கேஸ்களை மொத்தமாக அடுப்பில் வைத்துச் சூடாக்குவதை யாராவது பரிந்துரைத்தால் கேட்கவே கூடாது. அடி இளகினால் பிரைமர் குழி விரியும், வாயு பின்னால் சீறும், முகத்துக்கு நேரே. எனவே கையேட்டில் வெறும் “இளக்கல்” என்று எழுதாமல் எல்லா இடத்திலும் “கழுத்திளக்கல்” என்றே எழுதுங்கள். எந்த இடத்தை இளக்குகிறோம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்.

———

வணக்கம், டொரொன்டோவிலிருந்து.

கழுத்திளக்கலுக்கு என் முழு ஆதரவு. மற்ற மூன்றையும் பற்றிச் சில வரிகள்.

“உறை” வேண்டாம். கைத்துப்பாக்கியை இடுப்பில் வைக்கும் தோல் உறையும் அதுவே, குண்டின் மேலுள்ள செம்பு உறையும் அதுவே. ஈழத்தில் ரவைக் கோது என்று சொல்வோம். முட்டைக் கோது, தோடம்பழக் கோது போல, உள்ளிருப்பது போனபின் மிஞ்சும் ஓடு. தமிழ்நாட்டு வாசகருக்கு ரவை என்றால் உப்புமாதான் நினைவுக்கு வரும் என்பதால் “தோட்டாக் கோது” என்று வைக்கலாம்.

பிரைமருக்கு எரியூட்டி என்றால் ராக்கெட் முதல் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். தீபாவளிக்குப் பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் பொட்டு தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பிரைமரும் அடிபட்டால் தீப்பிடிக்கும் அதே வகைப் பொருள். பொட்டு, பொட்டுக்குழி, பொட்டு நீக்கல், தீத்துளை (பொட்டின் தீ மருந்துக்குப் போகும் துளை) என்று ஒரு குடும்பமே அமையும். அமெரிக்கரான பெர்டன் அமைத்த பொட்டு ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரான பாக்சர் அமைத்தது அமெரிக்காவில் பரவியது. பாக்சர் கோதில் நடுவே ஒரே தீத்துளை. டைக்குள் இருக்கும் ஊசி நேராக இறங்கிப் பொட்டைத் தள்ளிவிடும். பெர்டன் கோதில் பட்டடை (பொட்டு மோதித் தீப்பிடிக்கும் மேடு) குழிக்குள்ளேயே இருக்கும், துளை இரண்டு, நடுவில் இல்லை. அதைத் தெரியாமல் டைக்குள் விட்டால் ஊசி வளையும் அல்லது ஒடியும். கோதின் வாய்வழியே விளக்கடித்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இராணுவக் கோதுகளில் பொட்டைச் சுற்றிப் பித்தளையை நெருக்கி இறுக்கியிருப்பார்கள். பொட்டு நீக்கியபின் அந்த நெருக்கலைக் கடைந்தோ அமுக்கியோ எடுக்காவிட்டால் புதுப் பொட்டு கோணலாக ஏறி நசுங்கும்.

“மறுஅளவாக்கம்” பற்றித்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. அளவு மாறுகிறது என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. டை செய்வது ஒடுக்குவது. ஆகவே ஒடுக்கல்: கழுத்தை மட்டும் என்றால் கழுத்தொடுக்கல், உடல் முழுதும் என்றால் முழு ஒடுக்கல். முழு ஒடுக்கலில் தோள் பின்னால் தள்ளப்படும் தூரத்துக்குத் “தோளிறக்கம்” என்று தனிச்சொல் வேண்டும், ஏனென்றால் கோதின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. போல்ட் வகைத் துப்பாக்கிக்கு (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்து மூடுவது), அதன் அறையில் சுட்ட கோதின் அளவிலிருந்து 0.05 மில்லிமீட்டர் தோளிறக்கம் போதும். கோதைப் பிடிக்கும் தாங்கியை டை தொடும்வரை திருகிவிட்டு அமுக்கினால் தோள் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். அடுத்த முறை சுடும்போது கோது முன்னால் நீண்டு இடைவெளியை நிரப்பும். நீள்வதற்கான பித்தளை, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியத் தொடங்கும் இடத்திலிருந்து வரும். சில சுற்றில் வெளியே அங்கே ஒரு பளபளப்பு வளையம் தெரியும். உள்ளே பள்ளம் இருக்கும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கோதுக்குள் விட்டுச் சுவரோரம் மேலே இழுத்தால் கம்பி அந்தப் பள்ளத்தில் தட்டும். தட்டினால் அந்தக் கோது முடிந்தது. விட்டுவைத்தால் அடி தனியே பிய்ந்து வரும், மிச்சம் அறைக்குள் சிக்கும். இதற்கு “அடிமுறிவு” என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஒடுக்குமுன் எண்ணெய் பூசுவதை வலியுறுத்துங்கள். குறைந்தால் கோது டைக்குள் இறுகிவிடும். அடியைத் துளைத்து, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டிவரும். மிகுந்தால் எண்ணெய் போக இடமில்லாமல் தோளில் பள்ளம் விழுத்தும்.

———

நண்பர்களே, ஒரு குறுக்கீடு.

சூடாக்கும் செயல்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் இளக்கல் என்றால் குழப்பம் வரும். இந்தியாவில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது பல கோதுகள், முக்கியமாகக் குண்டைப் பிடிக்கும் கழுத்தில், வெடித்துக் காணப்பட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உலோகத்துக்குள் தேங்கியிருந்த தகைவும் (உள் இறுக்கம்) சேர்ந்த விளைவு அது என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. அந்தத் தேங்கிய தகைவை மட்டும் போக்க 260 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்தால் போதும், பித்தளை மென்மையாகிவிடாது. இதைத் “தகைவு தணித்தல்” என்போம். மணிகள் புதிதாக உருவாகி மென்மை திரும்புவது மட்டுமே இளக்கல். சில விநாடித் தீயில் அது நடக்க 400 டிகிரியை எட்டியாக வேண்டும். தோளுக்குக் கீழே நிறம் மாறியிருப்பதை மட்டும் பார்த்து வேலை முடிந்ததென்று நம்பக் கூடாது. நிறம் அதற்கு முன்பே மாறும்.

இதிலிருந்து கழுவும் பகுதிக்கு ஒரு விதி வருகிறது: அம்மோனியா கலந்த உலோக மெருகு நீர்மம் எதையும் கோதில் தொடக்கூடாது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் துண்டுகள் போதும். அமிலம் கூடினால் துத்தநாகம் மேற்பரப்பிலிருந்து கரைந்து கோது இளஞ்சிவப்பாகிவிடும். தீத்துளையில் இரண்டு கம்பித் துண்டுகள் சேர்ந்து சிக்கிக்கொள்வது வழக்கமான தொல்லை. ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். பழைய பொட்டின் கசடில் ஈயம் இருக்கிறது. கழுவிய நீர் சமையலறைத் தொட்டிக்குப் போகக் கூடாது. உலர்முறையில் அக்ரூட் ஓட்டுத் தூளில் உருட்டினால் அந்த ஈயம் தூசியாக எழும். மூடியைக் குழந்தைகள் இல்லாத வெளியிடத்தில்தான் திறக்க வேண்டும்.

———

அனைவருக்கும் நன்றி. கோது, பொட்டு, ஒடுக்கல், கழுத்திளக்கல், தகைவு தணித்தல், தோளிறக்கம், அடிமுறிவு ஆகிய ஏழு சொற்களையும் ஏற்கிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, ஒரு பத்தியைத் திருப்பி எழுதியிருக்கிறேன்:

“பொட்டு நீக்கிக் கழுவி உலர்த்திய கோதுகளின் கழுத்தை இளக்கு. ஆறியபின் எண்ணெய் பூசி, 0.05 மில்லிமீட்டர் தோளிறக்கம் கிடைக்கும்படி டையை வைத்து முழு ஒடுக்கல் செய். எண்ணெயைத் துடைத்துவிட்டு நீளம் அள. 51.18 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் 50.93-க்கு வெட்டு. நீண்ட கோதின் வாய் அறையின் முனையில் முட்டிக் குண்டை நெருக்கும், அழுத்தம் எகிறும். வெட்டிய வாயில் உள்ளும் புறமும் பிசிறு எடு. பொட்டுக்குழியின் கசடைச் சுரண்டு. புதுப் பொட்டு தளர்வாக ஏறினால் குழி விரிந்துவிட்டது. அந்தக் கோதை ஒதுக்கு.”

இளக்குவதை ஒடுக்கலுக்கு முன் வைத்ததற்குக் காரணம், மென்மையான கழுத்து டையிலிருந்து வெளிவந்ததும் எல்லாக் கோதிலும் ஒரே அளவில் திரும்பி விரியும் என்பது. அதைத் தனி வரியாகச் சேர்க்கிறேன். இன்னும் ஒன்று மட்டும் பாக்கி: கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உட்புறமாகத் தடித்து வளையமாக எழும் பித்தளை. ஆங்கிலத்தில் டோனட் என்கிறார்கள். “உள்வளையம்” என்றால் அடிமுறிவுக்கு முன் வெளியே தெரியும் வளையத்தோடு குழம்புகிறது. “கழுத்தடித் தடிப்பு” சரியாக வருமா?