ஃபீட் நெக் மாற்றப் போய் நான் பட்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

போன அக்டோபரில் நாங்கள் ஆறு பேர் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி, பென்சில்வேனியாவில் ஜிம் தார்ப் பக்கம், பெயின்ட் நிரப்பிய பந்தால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பால் ஆடப் போனோம். காட்டு மைதானம். இலையெல்லாம் சிவந்து உதிர்கிற நேரம், முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. ஐந்து பேருக்கு வாடகை மார்க்கர், அதாவது பந்தைச் சுடும் துப்பாக்கி. எனக்கு மட்டும் சொந்தமாக ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்மார்ட் பார்ட்ஸ் ஐயான். 2005-ல் வந்த மார்க்கர் அது. செய்த நிறுவனம் 2010-ல் மூடப்பட்ட பிறகும் பலர் அதை விடாமல் வைத்து ஆடுகிறார்கள். நானும் அந்த ஆசையில்தான் வாங்கினேன்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடிப் போய்க் குப்புற விழுந்து படுத்தேன். மார்க்கர் கையில் இருந்தது, அதன் மேலே பந்து நிரப்பி வைக்கும் ஹாப்பர் இல்லை. திரும்பிப் பார்த்தால் நாலு அடி பின்னால் மூடி திறந்து கிடக்கிறது. அப்போதுதான் நிரப்பிய பெயின்ட் முழுவதும் ஈர இலைக்குள் உருண்டுகொண்டிருந்தது. பொறுக்கிப் போடவும் கூடாது. பந்தின் தோல் ஜெலட்டின், ஈரம் பட்டால் ஊதிவிடும். மண் ஒட்டிய பந்து, சுடும் குழாயான பேரலுக்குள்ளேயே உடையும். கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடந்தேன்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. என் மார்க்கரில் ஹாப்பரைத் தாங்கும் ஃபீட் நெக் வெறும் குழாய். ஹாப்பரின் கழுத்தை அதற்குள் அழுத்திச் செருக வேண்டும், அவ்வளவுதான். இறுக்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. ஒரு பந்து சுமார் 3 கிராம், 200 பந்து என்றால் 600 கிராம். அதோடு மோட்டாரும் பேட்டரியும் உள்ள ஹாப்பரின் எடை வேறு. ஒரு கிலோவை நெருங்குகிற சுமை, ஒரு அங்குலச் செருகலை நம்பி மேலே நிற்கிறது. நடக்கும்போது நிற்கும். விழுந்து படுக்கும்போது அந்தச் சுமையே கழுத்தைப் புரட்டிவிடும்.

மைதானத்தில் இருந்த ஒரு பெரியவர் ஹாப்பர் கழுத்தில் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்கு மாலை வரை தாங்கியது. ஆனால் அது அவசரத்துக்கு மட்டும்தான். வெயிலில் டேப்பின் பசை இளகி, ஹாப்பரைக் கழற்ற முடியாமல் போகும். உள்ளே ஒரு பந்து உடைந்தால் உடனே கழற்றித் துடைத்தாக வேண்டும், அப்போது டேப் பெரிய தொல்லை.

சரி, லீவரை மூடினால் ஹாப்பர் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நெக் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். தப்பு செய்தது இங்கேதான். படத்தைப் பார்த்து, மார்க்கர் நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வாங்கினேன். விற்றவர் "எல்லா மார்க்கருக்கும் வரும்" என்றார். மார்க்கரில் திருகினேன், ஒன்றரைச் சுற்று போனது, பிறகு இறுகியது. புதுப் பொருள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திருகினேன். மரையிலிருந்து அலுமினியத் தூள் உதிர்ந்தபோது என் நெஞ்சே உதிர்ந்தது போல இருந்தது. நல்லவேளை, அங்கேயே நிறுத்தினேன். மேல் மரை மட்டும் காயம்பட்டது, கீழே உள்ளவை தப்பின.

பேரலுக்கு "ஆட்டோகாக்கர் மரை" என்று ஒரு மரை அளவு இன்று பல மார்க்கர்களில் பொதுவாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஃபீட் நெக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். ஃபீட் நெக் மரைக்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. மார்க்கருக்கு மார்க்கர் மாறும், சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்கு நடுவிலேயே மாறும். பேரல் பொருந்துகிறது என்பதை வைத்து நெக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது அடுத்த நெக் தேடிக்கொண்டிருக்கிறேன். மாற்றியவர்கள் யாராவது இருந்தால், நல்லதோ கெட்டதோ நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

* * *

நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். தம்பி சொன்ன மரை விசயம் முழுக்கச் சரி. எனக்கு நடந்தது வேறு.

நான் கனகாலமாக ஒரே ஹாப்பரைத்தான் பாவிக்கிறேன். கிளாம்ப் நெக் பூட்டியதும் ஒரு சந்தோசம், இனி ஹாப்பர் அசையவே அசையாது என்று. லீவரை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி வைத்தேன். கோடைகாலம் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. டிசம்பரில் ஒரு நாள், மைனஸ் 8 பாகை, லீவரை மூட "டிக்" என்று ஒரு சத்தம். வடிவாகப் பார்த்தால் ஹாப்பரின் கழுத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. பிளாஸ்டிக் குளிரில் விறைத்துப் போகும், வளையாது, வெடிக்கும். நெக் அலுமினியம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது டொலர் நெக்கைக் காப்பாற்றி, அதைவிட விலை கூடின ஹாப்பரைப் பறிகொடுத்தேன்.

அநேகமான கிளாம்ப் நெக்கில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். இப்போது நான் பார்ப்பது இது: லீவரைப் பெருவிரலால் மூட முடிய வேண்டும், கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். உள்ளங்கையால் அமத்த வேண்டியிருந்தால் அது கூடின இறுக்கம். ஹாப்பரை மாற்றினால் திரும்பவும் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஹாப்பர்களின் கழுத்து எல்லாம் ஒரே பருமன் இல்லை. குளிரில் ஆடுகிற ஆட்கள் மைதானத்துக்குப் போன பிறகு ஒருக்கால் தளர்த்தி வைப்பது நல்லது.

* * *

டெக்சஸிலிருந்து எழுதுகிறேன். காட்டு ஆட்டம் அதிகம் ஆடியதில்லை, எங்களுடையது ஸ்பீட்பால், மறைந்து நிற்கக் காற்று நிரப்பி வைத்த தடுப்புகளான பங்கர்களுக்கு நடுவே. அங்கே நெக்கின் உயரம்தான் முதல் கேள்வி.

என் முதல் மார்க்கரில் உயரமான நெக் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் வெளியேறியது பெரும்பாலும் ஹாப்பரில் அடி வாங்கித்தான். உடம்பில் பட்டால் மட்டும் அல்ல, மார்க்கரில், ஹாப்பரில் பட்டு உடைந்தாலும் நீங்கள் அவுட். பங்கருக்கு மேலே தலையை எடுப்பதற்கு முன்பே ஹாப்பர் எட்டிப் பார்த்துவிடும். எதிரே நல்ல ஆட்டக்காரர் இருந்தால் அந்த ஒரு அங்குலம் போதும். அதனால் தாழ்ந்த நெக் வாங்கினேன், வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது.

ஆனால் தாழ்ந்தது வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே. ஹாப்பரின் அடிவயிறு மார்க்கரின் பின்பக்கத்தில் இடிக்குமா என்று பாருங்கள். என் தோழியின் ஹாப்பர் கழுத்து முழுதாக உள்ளே இறங்கவில்லை, பாதிதான் போனது. கிளாம்ப் பாதிக் கழுத்தைப் பிடித்தால் பிடிக்காததற்குச் சமம். அவள் நடுத்தர உயரம் வாங்கியதும் சரியாகிவிட்டது. குறி பார்க்கும் கருவியை மாட்ட சைட் ரெயில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் உயரம் இருந்தால்தான் இடம் கிடைக்கும். மோட்டார் இல்லாத, பந்து தானாக விழுகிற ஹாப்பர் வைத்திருந்தால் உயரமான நெக்கில் ஒரு சின்ன நன்மை உண்டு. குழாயில் ஒன்றிரண்டு பந்து கூடுதலாக அடுக்கி நிற்கும். காட்டில் மெதுவாக ஆடுகிறவர்களுக்கு அது போதும், அவர்கள் தாழ்ந்த நெக்குக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். புது நெக்கும், பந்தைத் தள்ளிவிடுகிற மோட்டார் ஹாப்பரும் ஒரே வாரத்தில் மாற்றினேன். அன்றிலிருந்து, பந்து வந்து விழும் அறையான பிரீச்சுக்குள் பந்து வெட்டுப்பட ஆரம்பித்தது. நெக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று மூன்று முறை கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் டீடென்ட் தேய்ந்து போயிருந்தது. ஒரு பந்துக்குமேல் உள்ளே போகாமல் தடுக்கிற அந்தச் சின்ன ரப்பர் துண்டுதான். பழைய ஹாப்பர் மெதுவாகப் போட்டதால் தேய்மானம் தெரியவில்லை, புதியது அழுத்தித் தள்ளியதும் இரண்டாவது பந்தும் நுழைந்து, பந்தை முன்னால் தள்ளும் போல்ட்டில் மாட்டியது. டீடென்ட் மாற்றினேன், பிறகு ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. நெக் மேல் பழி போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

* * *

டிப்மேன் 98 கஸ்டம் மார்க்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. அதில் ஹாப்பர் முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாயில் உட்காரும், அதை ஒரு கொக்கி பிடித்திருக்கும். பார்க்க அழகில்லை என்று நானும் மாற்ற நினைத்தேன். மாற்றவில்லை, அது நல்லதாகப் போயிற்று. உள்ளே பந்து உடைந்தால் கொக்கியைத் தட்டி ஹாப்பரோடு சேர்த்து எடுத்துவிடலாம், துடைக்கலாம், திரும்ப மாட்டலாம். டிப்மேனின் ஏ-5 வைத்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அதில் பந்தை உள்ளே போடும் சைக்ளோன் அமைப்பு முற்றிலும் வேறு.

* * *

மாற்றுவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள், கழற்றுவதைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய மார்க்கர் ஒன்று வாங்கினேன், நெக் அசையவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் மரைப் பசையான சிவப்பு லாக்டைட் போட்டு ஒட்டியிருந்தார். பிளையர் வைத்துத் திருகினேன், நெக்கின் மேல் பல் தடம் விழுந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு மெக்கானிக் நண்பர் சொல்லிக்கொடுத்தார். மின்னணு பாகங்களைக் கழற்றிவிட்டு, ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடு காட்டி, துணி சுற்றி, பட்டை ஸ்பேனரால் மெதுவாகத் திருகினோம். வந்துவிட்டது. இனி ஒட்டத்தான் வேண்டும் என்றால் நீல நிற லாக்டைட், அதுவும் ஒரே ஒரு சொட்டு. முதல் தடவை மாட்டும்போது எதுவுமே போடாதீர்கள், சரியாக உட்காருகிறதா என்று ஒரு நாள் ஆடிப் பார்த்த பிறகு போடலாம்.

கையை வைப்பதற்கு முன்: பேரல் உறையை மாட்டுங்கள், ஹாப்பரை எடுங்கள், காற்றுச் சிலிண்டரைக் கழற்றுங்கள், பாதுகாப்பான பக்கம் திருப்பி உள்ளே மிஞ்சிய காற்றைச் சுட்டு வெளியேற்றுங்கள். நெக் இல்லாத துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும். காற்று மிச்சம் இருந்தால் போல்ட் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். என் கண் முன்னால் ஒருவருக்கு நகம் போனது.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் மிகவும் நன்றி, குறிப்பாக ரொறன்ரோ அண்ணனுக்கு. நானும் அப்படியே இறுக்கியிருப்பேன்.

இந்த முறை பழைய நெக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மார்க்கரையும் ஹாப்பரையும் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். ஐயானில் நெக்கைக் கழற்றினால்தான் மேலுறை வரும், அதனால் உள்ளே ஒரு முறை சுத்தமும் செய்துகொண்டேன். கடைக்காரர் பொறுமையாக மூன்று நெக்கை எடுத்துக் கொடுத்தார். முதலில் இடப்பக்கம் திருப்பி மரை "டொக்" என்று உட்காரும் இடம் பார்த்து, பிறகு வலப்பக்கம் விரலாலேயே திருகச் சொன்னார். இரண்டு பொருந்தவில்லை. மூன்றாவது, காயம்பட்ட அந்த முதல் மரையைத் தாண்டி, கடைசி வரை விரலாலேயே போனது. அதை வாங்கினேன். நடுத்தர உயரம், கறுப்பு நிறம். மார்க்கர் நிறத்துக்கு ஒத்துவரவில்லை, பரவாயில்லை.

அவர் இன்னொன்றும் காட்டினார், இங்கே யாரும் எழுதாததால் எழுதுகிறேன். நெக் முழுதாக இறங்கியதும் மேலே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அதன் கீழ் விளிம்பு பிரீச்சுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் போல்ட் அதில் உரசும். என்னுடையது மயிரிழை நீட்டியிருந்தது. கால் சுற்றுத் தளர்த்தியதும் போல்ட் தடையில்லாமல் போய் வந்தது.

வீட்டுக்கு வந்து சிலிண்டர் இல்லாமல், பேரல் உறையோடு, ஹாப்பரில் பழைய பந்து 200 நிரப்பி மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உதறினேன். அசையவில்லை. பிறகு லீவரைத் தூக்கி ஹாப்பரை எடுத்துப் பார்த்தேன், ஒரு கையால் வந்தது. வரும் சனிக்கிழமை அதே மைதானத்துக்குப் போகிறோம். அந்த மரத்துக்கு ஓடி, அதே மாதிரி விழுந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.