பால் கொடுத்த பிறகு பம்ப் போட்டால் 20 மில்லிதான் வருது, பால் பத்தலையா?

கேள்வி:
பாப்பாவுக்கு 6 வாரம். நேரடியாகத்தான் குடிக்கிறாள், எடை ஒழுங்காக ஏறுது. இன்னும் 10 வாரத்தில் வேலைக்குப் போகணும், காலை 9 முதல் மாலை 6 வரை. சேர்த்துவைக்க எலக்ட்ரிக் பம்ப் வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்துவிட்டு 20 நிமிஷம் போடுறேன். இரண்டு பக்கமும் சேர்த்தே 20 மில்லி. சுரப்பு குறைவா?

பதில்:
இல்லைங்க. அது அவள் குடித்தது போக மிச்சம். பால் போதுமா என்பதை எடையும் நாளுக்கு 6 தடவை சிறுநீரில் நனையும் துணியும்தான் சொல்லும். ஒவ்வொரு தடவையும் பம்ப் போடாதீர்கள். உடம்பு இரட்டைப் பிள்ளைக்குச் சுரக்க ஆரம்பித்துப் பால் கட்டிக்கொள்ளும். விடியற்காலைப் பாலுக்கு அரைமணி, ஒரு மணி கழித்து ஒரு தடவை போதும். அந்த நேரத்தில்தான் சுரப்பு அதிகம்.

பதில்:
பம்பில் மார்போடு பொருத்தும் புனலின் அளவைப் பார்த்தீர்களா? பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மிமீ. காம்பின் அடிப்பகுதியைக் குறுக்காக அளந்து, அதைவிட 1 முதல் 3 மிமீ கூடுதலாக வாங்குங்கள். பெரிதாக இருந்தால் கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும், பாலும் சரியாக வராது. முதல் 2 நிமிஷம் வேகமான மெல்லிய இழுப்பு, பால் பீய்ச்சத் தொடங்கியதும் மெதுவான ஆழமான இழுப்பு. வலிக்கிற அளவுக்குக் கூட்டினால் பால் இறங்காது.

இழுவை திடீரென்று குறைந்தால் முதலில் வாத்து அலகு போன்ற சிலிக்கான் வால்வைப் பாருங்கள். நுனிப் பிளவு விரிந்திருந்தால் மாற்றணும். அதற்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தால் கிழிந்துவிடும்.

கேட்டவர்:
அளந்தேன், 17 மிமீ. வந்திருப்பது 24! 19 வாங்குகிறேன். எவ்வளவு சேர்க்கணும்? பாட்டிலா, பாலாடையா (சங்கு)?

பதில்:
பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மில்லி. பயணத்தோடு 10 மணி என்றால் 300. நான்காகப் பிரித்து 75 மில்லியாக வையுங்கள். அறையில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரி வரைக்கும்தான், நம்ம ஊர் வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்பக்கம் 4 நாள். புதுப் பாலை ஆறவைத்த பிறகே பழையதோடு சேர்க்கணும். ஃப்ரீசரில் இருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றி உருகியதை 24 மணி நேரத்துக்குள், வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் தீர்க்கணும்.

பார்த்துக்கொள்பவருக்குப் பழக்கம் இருந்தால் பாலாடையே போதும். பாட்டில் என்றால் மெதுவாக ஒழுகும் நிப்பிள், குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி. கடகடவென்று குடித்துப் பழகினால் மார்பில் பொறுமை இழப்பாள்.

ஆபீஸில் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் போடுங்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி (முன்பு மகப்பேறு பயன்கள் சட்டம்), குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக 2 பாலூட்டும் இடைவேளை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.