சுங்கை சிப்புட் தாத்தா வீடு (மலேசியக் குடும்பக் குழு)

பெரியம்மா: தையில் சுதா கல்யாணம். பந்தக்கால் இங்கேதான். வெளிப்பக்கப் பலகைக்குச் சாயம் அடிக்காமல் முடியாது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

குமார்: அடேயப்பா, பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறதே

தேவி: சாரல் அடிக்கிற பக்கம் வேறு

சிவா: என் கூட்டாளி மெஷின் வைத்திருக்கிறான். ஒரே நாளில் தேய்த்துவிடலாம்

ராஜு மாமா: சிவா, பொறு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எல்லாரும் படியுங்கள். 1948-க்கு முன்னால் கட்டிய வீடு. அடியில் இருக்கிற பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் (காரீயம், விஷம்) இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலேயே 1978-இல்தான் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்தார்கள். காய்ந்தபடி தேய்த்தால் தூள் வீடெல்லாம் பறக்கும். நெருப்பால் சுட்டால் புகையாக உள்ளே போகும். தேவி பையன் தவழ்கிற வயசு, கையை வாயில் வைப்பான். தண்ணீர் தெளித்துக் கையால்தான் சுரண்ட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்ட வேண்டும். துணி முகமூடி போதாது, நுண்தூளைப் பிடிக்கிற பி100 வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும்.

குமார்: ஜேகேஆர், அதான் நம் பொதுப்பணி இலாகாக்காரர், ஆரம்பித்துவிட்டார் 😂

அம்சா அத்தை: ரிட்டையர் ஆகியும் விடமாட்டார்

பெரியம்மா: 1948 என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஜூன் 16-இல் இந்தப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்களே, அன்று ராத்திரியே மாமனார் ஜன்னலுக்குக் குறுக்கே கட்டை அடித்தாராம். ஆணி ஓட்டை இன்னும் இருக்கிறது. மாமியார் சொல்லிச் சொல்லி எனக்கே நேரில் பார்த்த மாதிரி.

சிவா: கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் ஆரம்பித்ததே அதனால்தானே

தேவி: அந்த ஓட்டையை அடைக்காதீர்கள் பெரியம்மா, அப்படியே இருக்கட்டும்

ராஜு மாமா: அடைக்காவிட்டால் தண்ணீர் போகும்! சுரண்டி, பாசியைக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பலகை ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. இல்லாவிட்டால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பலகையின் வெட்டுமுனைதான் அதிகம் உறிஞ்சும், அங்கே இரண்டு தடவை பூசுங்கள். சாயந்தரம் மழை வருகிற ஊர், காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி மத்தியானத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

தேவி: கீழ்ப்பலகையில் கத்தி குத்தினால் உள்ளே போகிறது மாமா. கரையான்.

ராஜு மாமா: மெராந்தி மரம் அல்லவா, விருந்துதான் கரையானுக்கு. அதன்மேல் சாயம் அடித்து ஏமாற்ற முடியாது. மாற்று.

குமார்: யார் காசில்?

அம்சா அத்தை: கிராண்ட், வீட்டு நிலப் பத்திரம், யார் பேரில் இருக்கிறதோ அவர் காசில்

சேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவா: 👀

பெரியம்மா: எல்லாரும் சாப்பிட்டாச்சா

சேகர் சித்தப்பா: சாயம் நான் வாங்கித் தருகிறேன். பலகை என்னால் ஆகாது. ஆனால் கிரீம் நிறம்தான்.

அம்சா அத்தை: அப்பா இருந்தவரை பச்சை

சேகர் சித்தப்பா: அப்பா இருந்தவரை நீ எத்தனை தடவை வந்தாய்?

தேவி: சித்தப்பா 🙏

குமார்: ஜன்னல் பச்சை, பலகை கிரீம். முடிந்ததா?

பெரியம்மா: சுதாவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து வேலை செய்கிற கோத்தோங் ரோயோங் என்றால் யார் யார் வருகிறீர்கள்? இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

சிவா: நான் வருகிறேன். ஏணி இருக்கிறதா?

அம்சா அத்தை: ஏணி சேகரிடம்

தேவி: யார் கேட்பது?

சிவா: நான் கேட்க மாட்டேன்லா