மறு: தோட்டா 'மறுநிரப்பல்', இந்தச் சொல் சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

சுட்டு முடித்த தோட்டாவை மறுபடி சுடத் தயாராக்கும் 'ரீலோடிங்' வேலைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம், 'மறுநிரப்பல்' என்றே முடித்துக்கொள்ளலாம் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பேனாவுக்கு மை நிரப்பலாம், சிலிண்டரில் கேஸ் நிரப்பலாம். சுட்டு முடித்த தோட்டாவில் அப்படி நிரப்ப என்ன இருக்கிறது? மிஞ்சுவது தோட்டாவே இல்லை, வெறும் பித்தளைக் கூடு, அதுவும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் லேசாக உப்பிப்போன கூடு. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் தன் கார் ஷெட்டில் இந்த வேலையைச் செய்வதை வீடியோ காலில் பலமுறை பார்த்திருக்கிறேன். எரிந்த பிரைமரை, அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன மூடியை, தட்டி எடுக்கிறார், கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார், நீண்டுபோன வாயை வெட்டுகிறார், அப்புறம் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, கடைசியில் முனையில் குண்டு. இதில் நிரப்புவது ஒரே ஒரு படி.

இன்னொரு சிக்கலும் உண்டு. துப்பாக்கி காலியானதும் அடுத்த தோட்டாவைப் போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே 'ரீலோடு'தான். மொபைலில் கேம் ஆடுகிற பையன்கள் எல்லோருக்கும் அந்த அர்த்தம்தான் தெரியும். ஆங்கிலத்துக்கு அந்தக் குழப்பம் இருந்தால் இருக்கட்டும், நாம் ஏன் அதையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

என் பரிந்துரை 'மறுகட்டு'. தோட்டாவை மறுகட்டுதல். திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவரை வாணம் நிரப்புகிறவர் என்று யாரும் சொல்வதில்லையே.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். காலிக் கூட்டுக்கு ஈழத்துத் தமிழில் 'வெற்றுக் கோது' என்று எழுதுவார்கள், முட்டைக்கோது போல. அதையே எடுத்துக்கொள்வோம். பிரைமருக்கு 'பொட்டு'. கோதின் அடியில் நடுவில் வட்டமாக உட்கார்ந்திருக்கும், தட்டினால் வெடிக்கும், தீபாவளிக்குப் பொட்டு வெடி வெடித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அது உட்காரும் இடம் பொட்டுக்குழி. தயவுசெய்து குண்டையும் தோட்டாவையும் ஒன்றாக்காதீர்கள். 'உடலில் தோட்டா பாய்ந்தது' என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், பாய்வது குண்டு மட்டும்தான், கோது சுட்டவன் பக்கத்திலேயே கிடக்கும்.

அம்மாப்பேட்டையிலிருந்து

•

தம்பி,

பொட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பழைய ஆட்களைக் கேட்டால் 'மருந்து கெட்டிக்கிறது' என்பார்கள். பன்றி விரட்ட வைத்திருந்த குழல்வாய்த் துப்பாக்கிக்குக் கரிமருந்தைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பதுதான் வழக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கு அந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பற்றி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே 'மறுகெட்டிப்பு' ஏன் கூடாது?

அப்புறம், பேச்சு எங்கே ஆரம்பித்தது என்பதை மறந்துவிட்டீர்கள். கை டிரில்லை வைத்து இந்த வேலையை வேகப்படுத்துகிறார்களே, அதற்குத்தான் சொல் கேட்டார்கள். 'மின்துளைப்பான்' என்று யாராவது எழுதிவிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், சேலத்துக்காரர்களான நமக்குக் கைத்தறி, விசைத்தறி இரண்டும் தெரியும். கையால் செய்தால் கைக்கட்டு, டிரில் வைத்துச் செய்தால் விசைக்கட்டு. எப்படி?

ஏற்காட்டிலிருந்து

•

அண்ணா,

'விசை'யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'பவர் டூல்' என்பதற்கு விசைக்கருவி, இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் விசைக்கட்டு வேண்டாம். எங்கள் தெருவில் விசைத்தறி ஓடினால் நெய்வதே இயந்திரம்தான், ஆள் அறுந்த நூலை முடிந்துகொண்டு நிற்பார். மச்சான் வீட்டில் டிரில் தோட்டாவைக் கட்டுவதில்லை. கோதைச் சுழற்றி வாயை வெட்டுகிறது, உள்ளும் புறமும் பிசிர் எடுக்கிறது, பொட்டுக்குழியில் படிந்த கரியைச் சுரண்டுகிறது. அத்தோடு சரி. அதற்குப் பிறகு டிரில்லை ஓரமாக வைத்துவிடுகிறார். பொட்டு அமுக்குவதும் மருந்து அளப்பதும் ஒவ்வொன்றாக, கையால், கண்ணாடி போட்டுக்கொண்டு. இடித்தால் வெடிக்க வேண்டும் என்றே செய்த பொருளின்மேல் மோட்டாரின் வேகத்தைக் காட்டக் கூடாது என்பார். 'விசைக்கட்டு' என்று நாம் எழுதி, படிக்கிற ஒருவர் எல்லாப் படிக்கும் மோட்டார் போடலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டால் அந்தச் சொல்லால்தான் கெடுதல்.

அதனால் விசை சேர வேண்டியது முன்வேலைக்கு மட்டும். வாயை வெட்டுவதை 'சீவல்' எனலாம், பென்சில் சீவுவது போலச் சுற்றிச் சுற்றித்தான் வெட்டுகிறது. ஆக 'விசைச்சீவல்'. ஏன் சீவ வேண்டும் என்பதையும் அகராதிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: சுடும்போதும் அச்சில் அழுத்தும்போதும் பித்தளை நீள்கிறது. .308 வின்செஸ்டர் என்ற ரகத் துப்பாக்கித் தோட்டாவின் கோது 51.18 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் வாய் துப்பாக்கிக்குள் முன்னால் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். டிரில்லை வேகமாக ஓட்டினாலும் ஆபத்தில்லை என்று மச்சான் முதலில் நினைத்திருக்கிறார், கத்தி அதிர்ந்து வாயெல்லாம் அலை அலையாக வந்து ஒரு டப்பா கோதைப் பழைய பித்தளைக்குப் போட்டாராம். இப்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறார், நீளம் அளக்கும் வெர்னியரும் பக்கத்திலேயே இருக்கிறது.

'மறுகெட்டிப்பு' பற்றி: கெட்டித்தல் அருமையான சொல், ஆனால் அதை உங்கள் குழல்வாய்த் துப்பாக்கிக்கே விட்டுவிடுவோம். கோதுக்குள் மருந்தை யாரும் கம்பியால் இடிப்பதில்லை, இடிக்கவும் கூடாது.

சட்டப் பேச்சை நீங்கள் எடுத்ததால் இதையும் சொல்கிறேன். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் இங்கே தோட்டா செய்ய முடியாது, குறிப்பில் அதுவும் இருக்கட்டும். நமக்கு வேண்டியது சொல் மட்டும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. அழுக்குக் கோதுகளை உடைத்த வால்நட் ஓட்டோடோ மக்காச்சோளச் சக்கைத் தூளோடோ போட்டு மணிக்கணக்கில் குலுக்கிப் பளபளப்பாக்கும் பாத்திரம். அதற்கு 'மெருகுக் குலுக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மெருகு போடும் பட்டறை ஒன்றில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவர்கள் 'டிரம்' என்று சொன்னால் டிரம்மாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாப்பேட்டையிலிருந்து