அம்மாவைப் பகலில் மையத்தில் விட்டால் கைவிட்டதாக அர்த்தமா?

பாலக்கோடு மகள்:
அப்பா போனபிறகு அம்மாவை ஓசூருக்குக் கூட்டி வந்துவிட்டோம். நானும் வீட்டுக்காரரும் காலை ஆறரைக்கே கம்பெனி பஸ் ஏறுகிறோம். கிண்டி வைத்த களி சாயங்காலம் பொருக்குத் தட்டி அப்படியே கிடக்கிறது. "ஒண்டியா உக்காந்தா இறங்கல" என்கிறார். பகலில் மட்டும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடலாமா என்று யோசிக்கிறோம். சொந்தக்காரர்கள் "அநாதை மாதிரி விடுறியா" என்கிறார்கள்.

அரூர் விவசாயி:
தங்கச்சி, கோபப்படாதே. எங்கள் அப்பாவுக்கு 84. மாட்டை அவிழ்த்துக் கட்டுவது இன்றைக்கும் அவர்தான். அந்த வேலைதான் அவரை நடமாட வைக்கிறது. காசு கட்டி ஓரிடத்தில் உட்கார வைத்தால் ஆள் முடங்கிவிடுவார். அதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்.

ஓசூர் நர்ஸ்:
அப்படித் தள்ளாதீர்கள் அண்ணா. ஜப்பானிலும் பெரியவர்களைப் பார்ப்பது மருமகள் கடமை என்றுதான் இருந்தது. வீட்டுப் பெண்கள் மட்டும் தாங்க முடியாது என்றுதான் 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்து பணம் கட்ட வேண்டும். முதுமையில் துணை தேவைப்பட்டால், அந்தக் காப்பீட்டில் பகல் மையத்து வேன் வந்து அழைத்துப் போகும். குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் வீட்டில் விடும். இதில் கைவிட்டது யார்? உங்கள் அப்பாவுக்குக் களி கிண்டுவது யார், சொல்லுங்கள்.

அரூர் விவசாயி:
என் மனைவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஜப்பானில் வயதானவர் தனியாக இறந்து, நாள் கழித்துத் தெரிய வருவதும் நடக்கிறதே. காப்பீடு இருந்து என்ன பயன்?

ஓசூர் நர்ஸ்:
உண்மைதான், காப்பீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தையே பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை கொடுப்பவர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டுமே, அதைத்தான் இந்தப் பொண்ணு கேட்கிறது.

கிருஷ்ணகிரி வக்கீல்:
பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி, பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்து, பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். பேச்சுத்துணையை எந்த உத்தரவாலும் வாங்கித் தர முடியாது. அது கிடக்கட்டும், அம்மாவைக் கேட்டீர்களா?

பாலக்கோடு மகள்:
போன வாரம் கூட்டிப் போய்க் காட்டினேன் சார். அங்கே ஒரு தெலுங்குப் பாட்டி பூ கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நாரைக் கையில் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பாட்டியிடம், "நாளைக்குக் கனகாம்பரம் கொண்டாரேன்" என்றார்.

அரூர் விவசாயி:
சரி, கைக்கு வேலை இருக்கிறது என்றால் விடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் அவரை உட்கார வை. கீரை ஆயட்டும், உப்பு போதுமா என்று அவரையே கேள்.