ஒன்ராறியோவில் வெட் கிளினிக் உதவியாளர் வேலை: சேர நினைப்பவர்களுக்கு

கேள்வி:
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஸ்காபரோவில் புதிதாகக் குடியேறியிருக்கிறேன். நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகளில் உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். இதற்கெனப் படித்திருக்க வேண்டுமா? உள்ளே போனால் உண்மையில் என்ன வேலை?

பதில்:
தங்கச்சி, அசிஸ்டன்ட் வேலைக்கு இங்கே லைசன்ஸ் தேவையில்லை. டெக்னீஷியன் என்பது வேறு. அதற்குக் கல்லூரி டிப்ளோமா, வி.டி.என்.இ. என்ற டெக்னீஷியன் தேர்வு, பதிவு எல்லாம் வேண்டும். நேர்முகத்தில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். 'கெனல் அட்டெண்டன்ட்' (கூண்டுகளைச் சுத்தம் செய்து விலங்குகளைப் பார்த்துக்கொள்பவர்) என்று போட்டிருக்கும் வேலைக்கும் விண்ணப்பியுங்கள், பலர் அங்கிருந்துதான் மேலே வருகிறார்கள். ரெஸ்யூமேயில் படம், வயது, திருமண விவரம் எதுவும் வேண்டாம். "ஒரு நாள் சும்மா வந்து செய்து காட்டுங்கள்" என்று கேட்டால், அந்த மணி நேரங்களுக்கும் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். முதலாளி சொல்லிச் செய்யும் பயிற்சியும் இங்கே வேலை நேரம்தான்.

பதில்:
வேலையில் பெரும் பங்கு கழுவுதல். அதைச் சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சாதாரணத் தரை துடைக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அசையாது. வீட்டு ப்ளீச் என்றால் 32 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு, அதாவது 4 லீட்டருக்கு 125 மி.லீ. முதலில் மலம், முடி, இரத்தம் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் அந்த அழுக்கோடேயே செலவாகிப் போகும். பிறகு 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்துவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற பிழை. நேற்றுக் கலக்கிய கரைசலை ஊற்றிவிட்டு இன்று புதிதாகக் கலக்குங்கள். மூத்திரம் தேங்கிய தட்டில் ப்ளீச் ஊற்றாதீர்கள், அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

ஆட்டோகிளேவில் (நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) கத்தரிகளைப் பூட்டுத் திறந்தபடி வையுங்கள். மூடியிருந்தால் இணைப்புக்குள் நீராவி போகாது. கருவிகளைச் சுற்றிய பொதியின் வெளியே ஒட்டிய டேப் கறுத்துவிட்டது என்றால் அது சூட்டைக் கண்டது என்று மட்டுமே பொருள். உள்ளே வைத்த காட்டித் துண்டும் நிறம் மாறியிருக்க வேண்டும். ஈரமாக வெளியே வந்த பொதியை அப்படியே அலுமாரியில் அடுக்கக் கூடாது, ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போகும்.

அடுத்தது எடை. உரிமையாளர் பவுண்டில் சொல்வார், மருந்தோ கிலோவுக்குக் கணக்கு. 22 பவுண்ட் நாய் 10 கிலோ. பலகையில் வெறும் 22 என்று எழுதிவிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து போய்விடும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாமல் எதையும் எழுத வேண்டாம்.

நாயின் முன்காலில் ஊசி போடும்போது ஒரு கை தலையை உங்கள் தோளோடு அணைக்க, மறு கை முழங்கைக்குப் பின்னாலிருந்து காலை முன்னே நீட்டிப் பிடிக்கும். பெருவிரலை மேலே அழுத்தி வெளிப்பக்கம் சற்று உருட்டினால் இரத்தக் குழாய் எழும். டாக்டர் மருந்து செலுத்தும் நேரத்தில் பெருவிரலைத் தளர்த்துங்கள், காலை விட்டுவிடாதீர்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் கழுத்தை இறுக்கவே கூடாது. பூனையைப் பிடரியில் தூக்குவதை இப்போது விரும்புவதில்லை, துவாயால் சுற்றிப் பிடிப்பார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையைப் பிடிக்கவே முயலாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பதில்:
தொலைபேசி எடுக்கச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். "கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, மலச்சிக்கல்போல" என்பார்கள். மூத்திரம் போகிறதா என்று கேளுங்கள். அடைத்திருந்தால் நாளைக்கு நேரம் கொடுக்கக் கூடாது, உடனே வரச் சொல்ல வேண்டும். பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்காளித்தாலும் அப்படித்தான். பூனைக்கு யாராவது டைலனோல் (பாரசிட்டமோல் மாத்திரை) கொடுத்திருந்தால், அல்லது அது லில்லிப் பூவைக் கடித்திருந்தால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வர வேண்டும். குளிர்காலத்தில் கராஜில் சிந்திய ஆன்டிஃப்ரீஸ் (கார் எஞ்சின் தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) நக்கிய நாயும் இதே கணக்கு. "பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பதில்:
பூனை கடித்தால் சின்னத் துளைதான் தெரியும். அதன் பல் ஊசிபோல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும், ஒரு நாளுக்குள்ளேயே கை வீங்கலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மனிதர்களைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் மேலாளரிடம் எழுத்தில் பதிவு செய்யுங்கள். வெறிநோய்ச் சந்தேகம் உள்ள கடிகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பது ஒன்ராறியோவில் கட்டாயம். வேலைக்குச் சேரும்போதே வெறிநோய்த் தடுப்பூசிக்கு யார் காசு கட்டுவது என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே அறை, மயக்க வாயு, பூனை மணல் தட்டு மூன்றிலிருந்தும் உங்களை விலக்கி வைக்க வேண்டும்.

பதில்:
சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் பி.வி.எஸ்.சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) முடித்து வந்தவர்களுக்கு: நேரடியாக டாக்டராகப் பதிய முடியாது. கனடாவின் கால்நடை மருத்துவத் தேசியத் தேர்வு வாரியத்தின் வழியில் பி.சி.எஸ்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, நேவ்லி என்ற வட அமெரிக்க உரிமத் தேர்வு, கடைசியில் கையால் செய்து காட்டும் தேர்வு என்று வரிசை இருக்கிறது. அதுவரை அசிஸ்டன்ட் வேலை கைப்பழக்கத்துக்கு நல்லது. ஆனால் நோய் இன்னதென்று உரிமையாளரிடம் சொல்லிவிடாதீர்கள், அந்த உரிமை இன்னும் உங்களுக்கு இல்லை.

பதில்:
ஒரு சொல்லை எல்லாரும் கவனியுங்கள். 'புட் டு ஸ்லீப்' என்றால் இங்கே கருணைக்கொலை. அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றிக் கதைக்கும்போது அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம், உரிமையாளர் பதறிப்போவார். கருணைக்கொலைக்கு வரும் நாளில் காத்திருப்பு அறையில் உரிமையாளர்களை உட்கார வைக்காதீர்கள், நேரே உள்ளே கூட்டிப் போங்கள். கையெழுத்து, பணம் எல்லாம் முன்பே முடிந்திருக்கட்டும். உயிர் போன பின்னும் கண் திறந்தே இருக்கும், மூத்திரம் போகலாம், ஒரு மூச்சு இழுத்ததுபோல் தெரியலாம். இதை டாக்டர் முன்கூட்டிச் சொன்னாரா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், ஊசி போடும் முன் மெதுவாக அவருக்கு நினைவூட்டுங்கள்.