நான்கு ஏஜென்ட் படித்த நாவல்: பதினோராம் அத்தியாயத்தை வெட்டுவதா, வைப்பதா?

கோபிக்காரி (கேள்வி)

கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பவானிசாகர் அணை கட்டி முடிந்த 1955இல் தொடங்கி மூன்று தலைமுறைக் கதை. பதிப்பகத்துக்கு அனுப்புமுன் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தங்கை மகன் நான்கு ஏஜென்ட்டுகளை, அதாவது ஆளுக்கொரு வேலையாகப் பார்க்கும் நான்கு உதவியாளர்களை, அமைத்துக் கொடுத்தான். ஒன்று கால வரிசை, ஒன்று மொழி, ஒன்று கட்டமைப்பு. நான்காவது வாசகராக நடிக்கும். அதை விட்டுவிடுங்கள், புதுச் சம்பந்தி வீட்டு விருந்தாளிபோல எதைப் பரிமாறினாலும் பிரமாதம் என்கிறது.

கால வரிசை பார்ப்பது உருப்படியான ஆள். ஒன்பதாம் அத்தியாயத்தில் வளைகாப்பு முடிந்த மருமகள் அடுத்த அத்தியாயத்தில், அதே மாதம், களத்தில் நெல் தூற்றுகிறாள் என்று பிடித்துவிட்டது. ஆனால் அதே அறிக்கையில், "நெல் நட்ட வயலில் மறு வருடம் கடலை, முரண்" என்றும் எழுதியிருக்கிறது. கீழ்பவானியில் அப்படித்தான் நடக்கும் என்று அதற்கு யார் சொல்வது!

என் சிக்கல் பதினோராம் அத்தியாயம். நடு இரவில் மடையடியில் மாமனும் மாப்பிள்ளையும் முறைத் தண்ணீருக்காக, அதாவது யார் முறைக்கு வயலில் பாய்ச்சுவது என்று, பேசிக்கொள்கிறார்கள். கைகலப்பு இல்லை, வசவு இல்லை. கடைசியில் மாமன் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிவிட்டு, "சரிங்க மாப்பிள்ளை, நீங்களே பாய்ச்சிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடக்கிறார். மண்வெட்டியை எடுத்துக்கொள்வதில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடுகிறது.

கட்டமைப்பு ஏஜென்ட் சொல்வது: "இருவரும் மரியாதையாகப் பேசி உடன்பாட்டுக்கு வருகிறார்கள். மோதல் இல்லாததால் நீக்கலாம்." மொழி ஏஜென்ட்டோ, நாவலிலேயே சிறந்த உரையாடல் இதுதான் என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

சிங்காநல்லூர் நிரலாளர்

அக்கா, கட்டமைப்பு ஏஜென்ட்டுக்கு அந்த அத்தியாயத்தை மட்டும் கொடுத்தீர்களா, முழு நாவலையுமா? தனியாகக் கொடுத்திருந்தால் பின்னால் உறவு முறிவது அதற்குத் தெரிய வழியில்லை. முழுசாகக் கொடுத்திருந்தால் வேறு தொல்லை. ஏஜென்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் தமிழை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன, அதனால் அதே அளவு கதை அவற்றின் நினைவில் கூடுதல் இடத்தை அடைக்கிறது. நீண்ட உரையின் நடுப்பகுதியை அவை கோட்டைவிடுவதை 2023இலேயே ஓர் ஆய்வு காட்டியது.

முதலில் ஓர் ஏஜென்ட்டை அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கவிட்டுப் பதிவேடு எழுதச் சொல்லுங்கள்: யார், என்ன வயது, யாருக்கு என்ன முறை, எந்தப் பருவம், யாருக்கு யாரோடு பேச்சில்லை. மற்றவை அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். ஒவ்வொரு குறைக்கும் நாவலின் வரியை அப்படியே மேற்கோளாகக் காட்டவேண்டும் என்று கட்டளை போடுங்கள். அந்த வரியைக் கோப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் குறையைக் குப்பையில் போடுங்கள். இல்லாத வரியை இருப்பதாகக் காட்டும் பழக்கம் இவற்றுக்கு உண்டு.

மாற்றி எழுத மட்டும் விடாதீர்கள்.

பெருந்துறை மெய்ப்பாளர்

தம்பி சொல்வது சரி, ஆனால் குப்பையில் போடுமுன் ஒரு வேலை இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய கோப்பாக இருந்தால், 'கொ' என்பதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகக் கிடக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. என்னிடம் வந்த ஒரு கைப்பிரதியில் உண்மையான மேற்கோள்களே "இல்லை" என்று வந்தன. முதலில் கோப்பைச் சீராக்குங்கள்.

அம்மிணி, நெல்–கடலை விஷயத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள். ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் பாயும் நிலம், 2.07 லட்சம் ஏக்கர், அதில் பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் நஞ்சைத் தண்ணீர், மறு பாதிக்கு அதன் பிறகு புஞ்சைத் தண்ணீர், அடுத்த வருடம் மாறும். எந்தப் பாதி என்பது மதகு எண்ணைப் பொறுத்தது, அதனால் உங்கள் கதைக் குடும்பத்தின் மதகு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதையும் எழுதுங்கள். அப்புறம் பாருங்கள், முறை மாறி நெல் நட்டிருந்தால் ஏஜென்ட்டே பிடித்துக்கொடுக்கும்.

நாவலுக்குள் இருக்கும் முரணைத்தான் ஏஜென்ட் தானாகத் தேடுகிறது. ஊரோடு முரண்பட்டால் கேட்டால்தான் சொல்லும். 1985இல் நடக்கும் காட்சியில் "ஈரோடு மாவட்டம்" என்று எழுதியிருந்தார் ஒருவர். 1979இல் கோவையிலிருந்து பிரிந்தபோது அது பெரியார் மாவட்டம். ஈரோடு என்று பெயர் மாறியது 1990களின் பிற்பகுதியில். மூன்று ஏஜென்ட் படித்தும் ஒன்றும் வாய் திறக்கவில்லை.

காங்கேயத்தான்

வெளிவராத நாவலை ஏற்றுமுன், உங்கள் உரையைச் செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று அமைப்புகளில் பார்த்தீர்களா? பெரும்பாலும் அணைத்துவைக்க வழி இருக்கும்.

மற்றபடி, மாமன் மண்வெட்டியை விட்டுவிட்டுப் போனார் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதை வெட்டச் சொல்கிற ஏஜென்ட்டிடம் ஏன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

கோபிக்காரி

தனி அத்தியாயமாகத்தான் கொடுத்திருந்தேன் தம்பி. பதிவேட்டோடு மறுபடி ஓட்டினேன். இப்போது வெட்டச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பதிலுக்குக் குரலை உயர்த்தவேண்டும் என்கிறது. உயர்த்தமாட்டார். மாமனிடம் எந்த மாப்பிள்ளை குரலை உயர்த்துவார்?

அண்ணா, மதகு எண்ணை நாவலில் எங்குமே சொல்லவில்லை. ஒற்றைப்படை என்று வைத்துக்கொண்டு எல்லா வருடங்களையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருமகளைக் களத்திலிருந்து திண்ணைக்கு மாற்றிவிட்டேன்; அந்த நெல்லை இனி யார் தூற்றுவது என்பதுதான் பாக்கி.